மலையேறும் கணிப்பொறி

ஜவ்வாது மலையில் காவலூர் என்றொரு சிற்றூர் உள்ளது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வூரில் வைனு பாப்பு வானோக்கு நிலையம் அமைந்திருக்கிறது. நம் நாட்டிலேயே வடிவமைத்து உருவாக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அங்கே நாட்டுக்கு அளிக்கப்பட்டது. தொலைதூர விண்மீன்களிலிருந்து வரும் மங்கிய ஒளி அதன் ஆடியில் பட்டு, மின்னணு உணர்கருவியில் குவிந்து, எண்களாக மாறுகிறது. அந்த எண்களைக் கணிப்பொறி வாங்கிச் சேமிக்கிறது. கூட்டிக் கழித்துப் படமாகவும் நிறமாலையாகவும் தருகிறது. கணிப்பொறியின் துணையின்றி இன்று எந்தப் பெரிய தொலைநோக்கியும் பயன்படாது எனலாம்.

திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இதே மலையில், சாமை விளைத்தும், தேனும் புளியும் சேகரித்தும் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் பல உள்ளன. அச்சிற்றூர்களின் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் படிக்கின்றனர். விண்மீனின் செய்தியைப் படிக்க உதவும் பொறி, இப்பிள்ளைகளின் கைக்கு எட்டுகிறதா? எட்டவைக்க அறிவியல் என்னென்ன வழிகளைக் கண்டிருக்கிறது? இவற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணியல் இடைவெளி

கணிப்பொறியும் இணையமும் எட்டியவர்களுக்கும் எட்டாதவர்களுக்கும் இடையேயுள்ள தொலைவை 'எண்ணியல் இடைவெளி' என்று அழைக்கின்றனர். 2017-18ஆம் ஆண்டில் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் நூற்றுக்கு 23 வீடுகளில் கணிப்பொறி இருந்தது. சிற்றூர்களிலோ நூற்றுக்கு 4 வீடுகளில்தான் இருந்தது. இணைய வசதி நகரங்களில் நூற்றுக்கு 42 வீடுகளிலும், சிற்றூர்களில் நூற்றுக்கு 15 வீடுகளிலும் இருந்தது. அதன்பின் கைப்பேசி வழியே இணையம் மிகவும் பரவியுள்ளது. எனினும் கணிப்பொறி அந்த அளவுக்குப் பரவவில்லை.

இந்த இடைவெளி வெறும் வசதிக் குறைவு அன்று. சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, கல்லூரிச் சேர்க்கை, வேலைக்கான விண்ணப்பம் ஆகிய பலவும் இன்று இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. ஒரு படிவத்தை அனுப்புவதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி வருபவருக்கு அப்படிவத்தின் உண்மையான விலை என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் இடம்மாறின. கைப்பேசி அலை எட்டாத ஊர்ப் பிள்ளைகளுக்கு அம்மாதங்களில் பள்ளியே எட்டாத பொருளாயிற்று.

'கைப்பேசி போதாதா, கணிப்பொறி எதற்கு?' என்று சிலர் கேட்கக்கூடும். கைப்பேசி பார்ப்பதற்கும் கேட்பதற்கும் நல்ல கருவியே. ஆனால் நான்கு பக்கக் கட்டுரை எழுதவும், வரவுசெலவு அட்டவணை போடவும், நிரல் எழுதிப் பழகவும் விசைப்பலகையும் அகன்ற திரையும் வேண்டும். அதுமட்டுமன்று, வீட்டில் ஒரு கைப்பேசி இருந்தால், அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பிள்ளைக்கு மாலையில்தான் கிடைக்கும்.

விலை என்பது ஐந்து கூறுகள்

கணிப்பொறியின் விலை என்றதும் கடைக்காரர் சொல்லும் தொகைதான் நம் நினைவுக்கு வருகிறது. மலையூர்ப் பள்ளி ஒன்றுக்கு அது விலையின் ஒரு பகுதியே. பொறியின் விலை, அதை ஓட்டும் மின்சாரத்தின் விலை, செய்தித் தொடர்பின் விலை, மொழியின் விலை, பழுது பார்ப்பதன் விலை என ஐந்து கூறுகள் உள்ளன. இவற்றுள் ஒன்றை மட்டும் குறைத்துவிட்டு மற்ற நான்கையும் மறந்த திட்டங்கள் பல, இந்தியாவிலும் பிற நாடுகளிலும் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆகவே ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

பொறி எவ்வாறு மலிவாயிற்று?

1971ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று நகம் அளவே உள்ள சிலிக்கான் சில்லு ஒன்றில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்களைப் பொறிக்கின்றனர். இதனால் முன்பு தனித்தனிச் சில்லுகளாக இருந்த செயலி, படம் வரையும் பகுதி, ஒலிப்பகுதி, வெளிக்கருவிகளோடு பேசும் பகுதி ஆகியவை ஒரே சில்லுக்குள் அடங்கிவிட்டன. ஒரே கூரையின்கீழ் எல்லாக் கடைகளும் வந்துவிட்டால் வண்டிக்கூலி மிச்சமாவது போல, சில்லுகளுக்கிடையே ஓடும் கம்பிகளும், அவற்றில் வீணாகும் மின்சாரமும், வெப்பமும் குறைந்தன. வெப்பம் குறைந்ததால் விசிறியும் பல சமயங்களில் தேவையற்றுப் போயிற்று.

இந்த வழியில் பிறந்ததே ராஸ்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணிப்பொறி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எபன் அப்டன் முதலியோர் மாணவர்களுக்காக இதை உருவாக்கினர். 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் விற்பனைக்கு வந்தபோது இதன் விலை 35 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,750 ரூபாய். ஓர் அடையாள அட்டையை ஒத்த நீள அகலமே கொண்டது. 2015ஆம் ஆண்டில் 5 டாலர் விலையில் 'சீரோ' என்னும் இன்னும் சிறிய பலகை வந்தது. அதை ஓர் ஆங்கில மாத இதழின் அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தனர்! பத்திரிகை வாங்கினால் கணிப்பொறி இலவசம் என்னும் நிலை ஏற்படும் என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாரும் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பலகை மட்டும் கணிப்பொறி ஆகிவிடாது. திரை, விசைப்பலகை, சுட்டி, நினைவு அட்டை, மின்வழங்கி ஆகியவை எல்லாம் சேரும்போது பலகையின் விலையைவிட அவற்றின் விலை கூடுதலாகிவிடும். சில்லுகளின் சந்தை விலையோடு பலகையின் விலையும் ஏறி இறங்கும். திரைச் செலவைக் குறைக்க வீட்டுத் தொலைக்காட்சியைப் பயன்படுத்தலாம். 2006ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் போன்ற பழைய பெட்டிகளோடும் இணைக்கும் வசதி இப்பலகைகள் பலவற்றில் உண்டு. எனினும் பழைய பெட்டியில் எழுத்துகள் தெளிவாக விழா. 'ன', 'ண' போன்ற சுழி எழுத்துகளை நெடுநேரம் படிப்பது கண்ணுக்கு வருத்தம் தரும். படமும் விளையாட்டும் காட்ட அது போதும்; நாள்தோறும் எழுதிப் படிக்க நல்ல திரையே வேண்டும்.

மூன்று முயற்சிகள், மூன்று பாடங்கள்

மலிவான கணிப்பொறி என்னும் எண்ணம் ராஸ்பெரி பைக்கு முன்பே இந்தியாவில் தோன்றிவிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்னும் கையடக்கக் கணிப்பொறியை 2001ஆம் ஆண்டு காட்டினர். எளியது, மலிவானது, பன்மொழி அறிந்தது என்பதே அப்பெயரின் பொருள். எழுத்தறியாதவருக்கு இந்திய மொழிகளில் படித்துக் காட்டவும் அது முயன்றது. ஊருக்கு ஒரு பொறி போதும். ஒவ்வொருவரும் தம் செய்திகளைத் தனித்தனி அட்டையில் வைத்துக்கொண்டு, முறைவைத்துப் பயன்படுத்தலாம் என்பது அதன் அருமையான கருத்து. ஆனால் அது கடைக்கு வர 2004ஆம் ஆண்டு ஆகிவிட்டது. அதற்குள் கைப்பேசி மலிவாகிப் பரவத் தொடங்கியது. வாங்கியோர் சிலரே. நல்ல பொறியியல் இருந்தும், காலமும் பயன்பாடும் கூடிவரவில்லை.

2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிக்கோலஸ் நெக்ரோபான்டே 100 டாலர் மடிக்கணிப்பொறியை அறிவித்தார். வெயிலிலும் படிக்கக்கூடிய திரையும், மிகக் குறைந்த மின்செலவும், தூசி புகாத விசைப்பலகையும் கொண்ட நல்ல பொறி அது. 2007ஆம் ஆண்டு வெளிவந்தபோது விலை ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, அப்பொறிகள் வந்த பள்ளிகளில் கணக்கிலோ மொழிப்பாடத்திலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. பொறியைக் கொடுத்த அளவுக்கு ஆசிரியரைப் பழக்கவில்லை என்பது அதிலிருந்து பலர் கற்ற பாடம்.

2011ஆம் ஆண்டு அக்டோபரில் நம் மத்திய அரசு மாணவர்களுக்காக 'ஆகாஷ்' என்னும் கைப்பலகைக் கணிப்பொறியை வெளியிட்டது. உதவித்தொகை போக 35 டாலர் என்று பேசப்பட்ட அதன் முதல் வடிவம் மெதுவாக இயங்கியது. தொடுதிரையும் மின்கலமும் குறைபட்டன. அடுத்த ஆண்டு திருத்திய வடிவம் வந்தும் திட்டம் நிலைக்கவில்லை. விலையை மட்டும் இலக்காக வைத்தால் பொறி எதில் குறைபடும் என்பதற்கு இது சான்று.

மின்சாரக் கணக்கு

இனி இரண்டாவது கூறு. மலைக்காடுகளின் வழியே வரும் மின்கம்பிகளில் மரம் சாய்வதும் இடி தாக்குவதும் இயல்பு. ஆகவே மின்சாரம் நின்றாலும் பாடம் நிற்காத ஓர் ஏற்பாடு வேண்டும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாதாரண மேசைக் கணிப்பொறி திரையோடு சேர்த்து ஏறத்தாழ 100 வாட் மின்சாரம் எடுக்கும் எனக் கொள்வோம். ஒரு பள்ளியில் 10 கணிப்பொறிகள் நாளொன்றுக்கு 4 மணி நேரம் ஓடினால் 4,000 வாட்-மணி, அதாவது 4 யூனிட் செலவாகும். ஒற்றைப் பலகைக் கணிப்பொறி ஏறத்தாழ 5 வாட்டும், அதன் சிறு எல்.இ.டி. திரை 15 வாட்டும் எடுப்பதாகக் கொண்டால், 10 பொறிகளுக்கு அதே 4 மணி நேரத்தில் 800 வாட்-மணிதான் ஆகும். ஐந்தில் ஒரு பங்கு!

தமிழகத்தில் 1,000 வாட் திறனுள்ள சூரிய மின்பலகை சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் மின்சாரம் தரும். எனவே 800 வாட்-மணிக்கு 200 வாட் பலகை கணக்குப்படி போதும். இழப்புக்கும் மேகமூட்டத்துக்கும் இடம் விட்டு 300 வாட் வைத்துக்கொள்ளலாம். சேமிப்புக்கு, வீடுகளில் இன்வெர்ட்டரோடு வைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 12-ஐ 150-ஆல் பெருக்க 1,800 வாட்-மணி. பாட்டரி நீண்டநாள் உழைக்க அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். பாதி 900 வாட்-மணி. நம் 10 பொறிகளின் ஒரு நாள் தேவைக்கு ஒரே பாட்டரி போதுமானது! பழைய வகைப் பொறிகளாயின் இதைப்போல் ஐந்து பாட்டரிகளும், ஐந்து மடங்கு மின்பலகைகளும் வேண்டும். பொறியின் மின்பசி குறைந்தால், அதைச் சுமக்கும் ஏற்பாடு முழுவதுமே மலிவாகிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

நகர அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய கணிப்பொறிகளைப் புதுப்பித்துப் பள்ளிக்குத் தருவதும் ஒரு நல்ல வழி. வலிமை குறைந்த பொறிகளையும் பயன்படவைக்க ஓர் உத்தி உண்டு. வலிய கணிப்பொறி ஒன்றை நடுவில் வைத்து, மற்றவற்றை அதனோடு இணைத்துவிடுவர். மாணவர் தட்டும் விசைகள் நடுப்பொறிக்குச் செல்லும். கணக்கெல்லாம் அங்கே நடக்கும். விடை மட்டும் மாணவரின் திரைக்கு வரும். ஒரே சமையலறையில் சமைத்துப் பல பந்திகளுக்குப் பரிமாறுவது போன்றது இது. ஆனால் பழைய பொறிகள் மின்சாரத்தை மிகுதியாக உண்ணும். சூரிய மின்சாரத்தை நம்பியுள்ள ஊரில் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பேருந்தில் வரும் இணையம்

மூன்றாவது கூறு செய்தித் தொடர்பு. இணையம் என்றால் எந்நேரமும் கம்பியிலோ அலையிலோ இணைந்திருக்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். அஃது எப்போதும் தேவையில்லை.

2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. 'கிவிக்ஸ்' என்னும் இலவச மென்பொருளின் உதவியால் அவற்றை ஒரு நினைவு அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். 'கோலிப்ரி' என்னும் மென்பொருள் பாடங்களையும் பயிற்சிகளையும் இதேபோல் சேமித்துத் தரும். பள்ளியில் ஒரு சிறு கணிப்பொறியில் இவற்றை வைத்து, சுற்றிலும் வைஃபை அலையைப் பரப்பினால், வெளியுலகத் தொடர்பே இல்லாமல் வகுப்பு முழுவதும் நூலகத்தைப் புரட்டலாம்.

புதிய பாடங்கள் வேண்டுமானால்? இங்கேதான் பேருந்து உதவிக்கு வருகிறது. 64 கிகாபைட் அட்டை ஒன்றை மலையடிவாரத்தில் நிரப்பி நடத்துநரிடம் கொடுக்கிறோம். பேருந்து இரண்டு மணி நேரத்தில் ஜமுனாமரத்தூரை அடைகிறது எனக் கொள்வோம். 64 கிகாபைட் என்பது 512 கிகாபிட். இரண்டு மணி என்பது 7,200 நொடி. வகுத்துப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 71 மெகாபிட்! வீடுகளுக்கு வரும் நல்ல இணைய இணைப்பின் வேகம் இது. கேட்டதும் விடை கிடைக்காது என்பதே இதிலுள்ள குறை.

இது வெறும் கற்பனை அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் உருவான 'டாக்நெட்' என்னும் முறை, 2003ஆம் ஆண்டையொட்டிக் கர்நாடகத்தின் தொட்டபள்ளாபூர் வட்டத்தில் செயல்படுத்தப்பட்டது. பேருந்தில் ஒரு வைஃபை கருவியைப் பொருத்தினர். பேருந்து ஊரைக் கடக்கும்போது அங்குள்ள கணிப்பொறி தன் வேண்டுகோள்களை அலைவழியே அதனிடம் கொடுக்கும். வட்டத் தலைநகரை அடைந்ததும் பேருந்து அவற்றைச் சேர்ப்பித்து விடைகளை வாங்கி வரும். நிலப்பதிவுச் செய்திகள் அவ்வாறு பயணம் செய்தன. தபால்காரரின் பழைய தொழிலை அலைகளும் கற்றுக்கொண்டன எனலாம்.

மலை தடையா, தூணா?

உடனுக்குடன் பேச வேண்டிய தேவைகளும் உண்டு; மருத்துவ ஆலோசனை அவற்றுள் ஒன்று. 1990களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினர். கம்பி இழுக்கும் செலவின்றி, ஒரு கோபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவு வரை பேச்சையும் இணையத்தையும் அது கொண்டு சென்றது. பின்னர் மலிவான வைஃபை கருவிகளையே தொலைதூரத்துக்குப் பயன்படுத்தும் வழி கண்டறியப்பட்டது.

வைஃபை நம் வீட்டுக்குள் சில பத்து மீட்டர்களே எட்டுகிறது. காரணம், அதன் அலை எல்லாத் திசையிலும் சிதறுகிறது. டார்ச் விளக்கின் குழியாடி ஒளியைக் குவிப்பது போல, திசைநோக்கிய அலைவாங்கி அலையை ஒரே கோட்டில் குவித்தால் அது பல கிலோமீட்டர் செல்லும். அப்போது இன்னொரு சிக்கல் எழும். ஒவ்வொரு செய்தித் துணுக்கையும் அனுப்பியதும் வைஃபை கருவி 'கிடைத்தது' என்னும் மறுமொழிக்காக ஒரு கணம் காத்திருக்கும். வராவிட்டால் மீண்டும் அனுப்பும். 30 கிலோமீட்டர் சென்று திரும்ப அலைக்கு நொடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். வீட்டுக்காக அமைந்த கருவிக்கு அவ்வளவு பொறுமை இல்லை! ஆகவே அனுப்பியதையே அனுப்பிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் இந்த விதியை மாற்றியமைத்து, அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து, 2005ஆம் ஆண்டையொட்டித் தேனி வட்டாரச் சிற்றூர்க் கண் மையங்களை மருத்துவமனையோடு இணைத்தனர். சிற்றூரில் அமர்ந்த நோயாளியைத் தேனியிலிருந்த மருத்துவர் திரையில் கண்டு ஆலோசனை கூறினார்.

இந்த அலைக்கு இரு முனைகளுக்கும் இடையே மறைப்பு இருக்கக்கூடாது. பள்ளத்தாக்கிலுள்ள ஊருக்கு மலை ஒரு சுவர். ஆனால் உச்சியில் ஒரு கருவியை நிறுத்தினால் அதே மலை செலவில்லாத கோபுரம்! 2007ஆம் ஆண்டு வெனிசுலாவில் இரு மலையுச்சிகளுக்கிடையே 382 கிலோமீட்டர் தொலைவுக்கு வைஃபை இணைப்பை ஏற்படுத்திக் காட்டினர். ஜவ்வாது மலைபோன்ற இடங்களில் மேட்டுக்கு மேடு அலையைத் தாண்டச் செய்து பள்ளத்து ஊர்களுக்கு இறக்குவது பொறியியல் முறைப்படி இயலக்கூடியதே.

தமிழில் பேசும் பொறி

நான்காவது கூறு மொழி. ஆங்கிலம் அறிந்தால்தான் கணிப்பொறியைத் தொடலாம் என்றால், அதை இலவசமாகக் கொடுத்தாலும் அது விலை மிகுந்ததே. தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும், 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்தால் உயிர்மெய்களைப் பொறியே கூட்டிக்கொள்ளும். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக வந்த 'தமிழ் 99' விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. அரிச்சுவடி படித்த பிள்ளை சில நாள் பழகினால் ஆங்கிலத்தின் துணையின்றித் தட்டெழுதலாம். சென்னை சீடாக் நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட 'பாஸ்' என்னும் இயக்க மென்பொருள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குகிறது. லினக்ஸ் வகையைச் சேர்ந்ததாகையால் அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. படியெடுத்துப் பிறருக்கும் தரலாம். பத்துப் பொறிகளுக்கு மென்பொருள் வாங்கும் செலவு முழுவதும் இதனால் மிச்சமாகும்.

பழுது பார்ப்பவர் யார்?

ஐந்தாவது கூறே பெரும்பாலும் மறக்கப்படுவது. நகரத்தில் பொறி பழுதானால் அடுத்த தெருவில் ஆள் இருப்பார். மலையூரிலோ ஒரு சிறு பழுது பொறியை மாதக்கணக்கில் மூலையில் உட்கார வைத்துவிடும்.

ஒற்றைப் பலகைக் கணிப்பொறியில் அடிக்கடி கெடுவது நினைவு அட்டை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திடீரென்று நின்றால், பாதி எழுதிய பக்கம் போல அட்டையில் செய்தி சிதைந்துவிடும். மறுநாள் பொறி விழிக்காது. ஆனால் இதற்கு மருந்து எளிது. நல்ல நிலையிலுள்ள அட்டையின் படி ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால், பழைய அட்டையை உருவிப் புதியதைச் செருகச் சில நிமிடங்களே ஆகும். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை இது. இடிமின்னல் மிகுந்த மலையில் நல்ல நிலத்தொடர்பும் மின்னழுத்தத் தடுப்பானும் பொறியைவிட முதலில் வாங்க வேண்டியவை.

பிள்ளைகளே பராமரிப்பாளர் ஆகலாம் என்பதைக் கேரளம் காட்டியுள்ளது. 2001ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியை வளர்த்த அம்மாநிலம், கட்டணமற்ற மென்பொருளைத் தேர்ந்தது. ஆசிரியர்களைப் பெருமளவில் பழக்கியது. 2018ஆம் ஆண்டு 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்களை உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கியது. அவற்றின் உறுப்பினர்கள் நிரல் எழுதவும் கருவிகளைப் பேணவும் பழகுகின்றனர்.

கடற்கரை கற்பித்த பாடம்

ஐந்து கூறுகளையும் சேர்த்து எண்ணிய முயற்சி ஒன்று நம் அருகிலேயே நடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டு புதுச்சேரிப் பகுதியில் ஊர் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் நடுநிலையம், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் மையங்கள். தொலைபேசி குறைவாயிருந்ததால் வானொலி அலை வழியே செய்தி அனுப்பினர். மின்வெட்டுக்காகச் சூரிய மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டனர். இடத்தை ஊர் கொடுத்தது. ஊராரே மையத்தை நடத்தினர். தமிழில் செய்தி தந்தனர். எந்தச் செய்தி தேவை என்பதையும் ஊரைக் கேட்டே முடிவு செய்தனர். வீராம்பட்டினத்து மீனவர்கள் கேட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அம்முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவித்தனர். ஊரில் பெரும்பாலோர் கணிப்பொறியைத் தொடாமலேயே ஊர் முழுவதும் அதன் பயனைப் பெற்றது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு என்னும் மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து உறவினர் ஒருவரின் தொலைபேசி எச்சரிக்கை வந்தது. மையத்தின் ஒலிபெருக்கி ஊரை எழுப்பியது. மக்கள் மேட்டுக்கு ஓடி உயிர் தப்பினர். அன்று பயன்பட்டவை ஒரு தொலைபேசியும் ஓர் ஒலிபெருக்கியுந்தான். ஆனால் செய்தி வந்தால் யாரிடம் சொல்வது, எங்கிருந்து அறிவிப்பது என்னும் பழக்கம் அந்த ஊருக்கு முன்பே உருவாகியிருந்தது.

ஜவ்வாது மலையின் தேவை வேறு. சாமைக்கும் புளிக்கும் திருப்பத்தூரிலும் போளூரிலும் என்ன விலை, உதவித்தொகைக்குக் கடைசி நாள் எது, பிரசவத்துக்கு எந்த மருத்துவமனையில் மருத்துவர் இருக்கிறார் என்பன அங்குள்ளோர் கேட்கக்கூடியவை. அக்கேள்விகளிலிருந்து தொடங்கினால் என்ன பொறி, எத்தனை வாட், எந்த வழித் தொடர்பு என்பன ஒவ்வொன்றாகத் தாமே முடிவாகும். பொறியை முதலில் வாங்கிவிட்டுப் பயனைத் தேடினால் அது பூட்டிய அறையில் தூசி படியும்.

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் இன்றே ஒரு சிறு ஆய்வு செய்யலாம். எத்தனை பொறிகள் உள்ளன, அவற்றில் எத்தனை இயங்குகின்றன, இயங்காதவற்றில் என்ன பழுது, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியிருக்கும் அளவு உச்ச அளவாகும். உண்மைச் செலவு அதைவிடக் குறைவாகவே இருக்கும். பிறகு மேலே நாம் போட்ட கணக்கை உங்கள் எண்களைக் கொண்டு போட்டுப் பாருங்கள். உங்கள் பள்ளிக்கு எவ்வளவு பெரிய மின்பலகை வேண்டும் என்பது தெரியும். பழுதானவற்றில் எத்தனையை ஒரு புதிய நினைவு அட்டையோ பழைய பொறியிலிருந்து எடுத்த ஓர் உதிரி உறுப்போ எழுப்பிவிடும் என்பதையும் ஆசிரியரோடு சேர்ந்து கண்டறியலாம்.